கோவா, ராவல்பிண்டி: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கான பயிற்சியும் பெற்றோரின் நலமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2013ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில் இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளின் குடும்பங்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டன. குழந்தைகளின் வயது இரண்டு முதல் ஒன்பது வரை. குலுக்கல் முறையில் 32 குடும்பங்களுக்குப் பெற்றோர் வழிப் பயிற்சி ஒதுக்கப்பட்டது. மற்ற 33 குடும்பங்கள் தங்கள் ஊரில் வழக்கமாகக் கிடைத்துவந்த உதவிகளை மட்டும் தொடர்ந்து பெற்றன. பயிற்சியை நடத்தியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ பேச்சுப் பயிற்சியாளர்களோ அல்லர். இந்த வேலைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டு, கற்பிக்கப்பட்டு, தொடர்ந்து மேற்பார்வையிடப்பட்ட உள்ளூர்ப் பணியாளர்கள் அவர்கள். பாஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்த ஆய்வின் முடிவுகள் 2016இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வெளிவந்தன.

ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்குத் தெற்காசியாவில் எதைக் கற்றுக்கொடுக்க முடியும், அதை யாரால் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் இந்த ஆய்வைப் படிக்கும்போது இன்னொரு கேள்வியையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். குழந்தையோடு பழகும் முறையைத் தாய் மாற்றிக்கொண்டாள் என்றால், அந்த மாற்றத்தைச் சுமந்து நிற்கும் தாய்க்கு என்ன கிடைத்தது? முதல் கேள்விக்கு எண்களில் விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கான விடை வேறு வேறு ஆய்வுகளில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பயிற்சியின் பூர்வீகம்

பாஸ் திட்டம் கோவாவில் பிறந்ததன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் கிரீன் தலைமையில் இங்கிலாந்தில் உருவான பேக்ட் என்ற பயிற்சிதான் அதன் மூலம். மான்செஸ்டர், லண்டன், நியூகாசில் ஆகிய மூன்று இடங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 குழந்தைகளைக் கொண்டு நடந்த அதன் முதல் பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அங்கே பயிற்சியை நடத்தியவர்கள் தேர்ச்சி பெற்ற பேச்சு, மொழிப் பயிற்சியாளர்கள். அத்தகைய பயிற்சியாளர்கள் தெற்காசியாவில் பெருநகரங்களிலேயே அரிது என்பதாலும், சிறு நகரத்துக் குடும்பம் ஒன்று வாரந்தோறும் பேருந்து பிடித்து நகரத்துக்குப் போய் வருவது மாதக்கணக்கில் நிலைக்காது என்பதாலும், அதே உள்ளடக்கத்தைச் சுருக்கி, எளிமையாக்கி, சிறப்புப் பட்டம் இல்லாதவர்களின் கையில் கொடுக்க முடியுமா என்ற முயற்சி தொடங்கியது. கோவாவில் 1996 முதல் இயங்கிவரும் சங்கத் என்ற தொண்டு நிறுவனம் அதற்கு முன்பே மனச்சோர்வுக்கான சிகிச்சையை உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு அளித்துப் பார்த்திருந்தது. அங்கே கௌரி திவனும், ராவல்பிண்டியில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் அதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் இந்தத் தழுவலை முன்னெடுத்தார்கள்.

பெற்றோருக்குப் பயிற்சி என்ற சொற்றொடரைக் கேட்டவுடன் பல தாய்மார்களின் முகம் வாடுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமாகாது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்த பிறகு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக, தாயின் அன்புக்குறைவே குழந்தையின் இந்த நிலைக்குக் காரணம் என்ற கருத்து மேலை நாட்டு மருத்துவத்தில் செல்வாக்கோடு இருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் அதை மிக உரத்துச் சொன்னவர். 1964இல் அதை ஆதாரங்களோடு மறுத்து, இது நரம்பு வளர்ச்சி சார்ந்தது என்று நிறுவ முனைந்த பெர்னார்ட் ரிம்லாண்ட் ஓர் உளவியலாளர் மட்டுமல்லாமல், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும்கூட. அறிவியல் அந்தப் பழியை எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் வீடுகளில் அது இன்னும் போகவில்லை. கர்ப்பத்தில் எதைத் தின்றாள், குழந்தையை டிவி முன்னால் உட்கார வைத்தாளா, வேலைக்குப் போனாளா என்று மாமியார் வீட்டில் தொடங்கும் விசாரணை கோயில் திருவிழாவில் யாரோ ஒரு தூரத்து உறவினரின் வாயில்கூட வந்து நிற்கிறது. இந்தச் சூழலில் ‘உங்களுக்குப் பயிற்சி தேவை’ என்று சொன்னால், ‘நீங்கள் வளர்த்த விதம் தவறு’ என்றே அது காதில் விழும்.

பெற்றோருக்குப் பயிற்சி தருவதன் உண்மையான காரணம் நேரம். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் தெரபி மையத்தில் கழியும் குழந்தைக்கு மீதி விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தை அனுப்பும் குறிப்புகள் மெல்லியவை, வேகமாகக் கடந்துபோகக் கூடியவை. மற்றக் குழந்தைகளோடு இயல்பாகக் கைகூடும் உரையாடல் வழி இங்கே தானாகக் கைகூடுவதில்லை. எனவே பெரியவர் அதைத் தெரிந்தே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த வாதம் இங்கே பொருந்தும்: புரிந்துகொள்ளாமை ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இருக்கும் குறையன்று, இரு பக்கத்தாருக்கும் இடையே நிகழ்வது. அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால், மாற வேண்டியவர்களின் பட்டியலில் பெரியவர் முதலில் வருவது தண்டனையாகாது.

வீட்டில் என்ன நடந்தது

பயிற்சியின் அமைப்பு எளிது. எட்டு மாத காலத்தில் 12 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலும் குடும்பத்தின் வீட்டிலேயே நடக்கும். அமர்வின் தொடக்கத்தில் தாயோ தந்தையோ குழந்தையோடு சில நிமிடங்கள் விளையாடுகிறார்கள்; பணியாளர் அதை வீடியோவாக எடுக்கிறார். பிறகு இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பதிவைச் சேர்ந்து பார்க்கிறார்கள். பதிவை நிறுத்தி, ஓட்டி, மறுபடி பார்த்து, ‘இந்த இடத்தில் அவன் எதைப் பார்க்கிறான்?’, ‘நீங்கள் இப்படிச் செய்ததும் என்ன செய்தான்?’ என்று பணியாளர் கேட்கிறார். விடையைத் தாயே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே முறை. தவறிய இடங்களைச் சுட்டுவதைவிடச் சரியாக அமைந்த நொடிகளைத் தேடி எடுத்துக் காட்டுவதற்கே முதலிடம். அடுத்த அமர்வு வரை நாள்தோறும் சிறிது நேரம் அதே வழியில் விளையாடிப் பழக வேண்டும்.

கேட்பதற்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எது மாறுகிறது என்பதை ஒரு தமிழ் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும். நான்கு வயதுப் பையன் ஒருவன் ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது ஆடி ஆடி விழும் வரை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா, ‘கண்ணா, இங்க பாரு. அம்மாவப் பாரு. இது என்ன கலர்? ப்ளூ சொல்லு. ப்ளூ…’ என்கிறாள். அவன் திரும்புவதில்லை. அவள் மூடியை எடுத்துக்கொள்கிறாள், அவன் கத்துகிறான். பதிவைப் பார்க்கும்போது, ஒரு நிமிடத்தில் தான் எத்தனை கேள்வி கேட்டோம், எத்தனை கட்டளையிட்டோம், அவற்றில் ஒன்றுகூட அவன் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றியதாக இல்லை என்பது அவளுக்கே தெரிகிறது. அடுத்த முறை அவளும் தரையில் குனிந்து படுக்கிறாள். மூடி சுழல்கிறது. ‘சுத்துது… சுத்துது…’ என்று மட்டும் சொல்கிறாள். மூடி விழுகிறது. ‘விழுந்துடுச்சு!’ பிறகு பேசாமல் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பில் அவன் ஒருமுறை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மூடியை அவள் பக்கம் தள்ளிவிடுகிறான். அவன் கூப்பிட்டு அவள் போயிருக்கிறாள். இதைத்தான் ஆய்வாளர்கள் ‘குழந்தை தானாகத் தொடங்கிய தொடர்பு’ என்று எண்ணுகிறார்கள். தாயின் பேச்சு குழந்தையின் கவனத்தோடு ஒட்டி அமைவதை ‘ஒத்திசைவு’ என்கிறார்கள்.

இந்த இடத்தில் தாய்மார்கள் பலருக்கு வரும் தயக்கம் உண்மையானது. கேள்வி கேட்காமல் இருந்தால் பேச்சு எப்படி வரும், கண்ணைப் பார்க்கச் சொல்லாமல் விட்டால் பழக்கம் கெட்டுப்போகாதா, தெரபி மையத்தில் நேர் மாறாகத்தானே சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால், ‘புள்ளைய வாய் தொறந்து பேச வைக்காம நீ என்னத்தப் படுத்துட்டு வெளயாடுற?’ என்பார். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் மட்டும் பழகும் முறையை மாற்றிக்கொண்டு நிலைநிறுத்துவது கடினம். பயிற்சியை வீட்டிலேயே நடத்துவதன் பயன் பயணச் செலவு மிச்சம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்தப் பாட்டியும் பதிவைப் பார்க்கிறார் என்பது அதைவிடப் பெரிது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஒதுக்கப்பட்ட 32 குடும்பங்களில் 26 குடும்பங்கள் பயிற்சியை முழுமையாக முடித்தன. வேலை, பிரசவம், வீட்டு விசேஷம், நோய் எல்லாம் குறுக்கே வரும் குடும்பங்களில் ஐந்தில் நான்கு பங்கினர் எட்டு மாதம் தொடர்ந்து நின்றது சிறிய காரியமன்று.

பதிவுகளை மதிப்பிட்டவர்களுக்கு எந்தக் குடும்பம் பயிற்சி பெற்றது என்பது தெரியாது. பயிற்சி பெற்ற பெற்றோரின் பேச்சில் குழந்தையின் கவனத்தோடு ஒத்திசைந்த பகுதியின் விகிதம் மற்றக் குழுவைவிட 0.25 அளவு கூடியிருந்தது. அதாவது, பெற்றோர் சொல்லும் நூறு வார்த்தைத் தொடர்களில் கூடுதலாக ஏறக்குறைய 25 தொடர்கள் குழந்தையோடு சேர்ந்து நடந்தன. குழந்தை தானாகத் தொடங்கிய தொடர்பின் விகிதமும் 0.15 கூடியது. இங்கிலாந்தில் பட்டம் பெற்ற நிபுணர்கள் நடத்தியபோது கிடைத்த பலனுக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததாகத் தெரியவில்லை. பெற்றோரின் ஒத்திசைவில் இங்கிலாந்து ஆய்வின் விளைவளவு (இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் காட்டும் எண்) 1.22, தெற்காசியாவில் 1.61. இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவது முறையாகாது. ஆனால், சிறப்புப் பட்டம் இல்லாதவர்களால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

ஒரு முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தது. இருவரும் ஒரே பொருளில் கவனம் பகிர்ந்து இருக்கும் நேரம் பயிற்சி பெற்ற குழுவில் குறைந்தது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் சுருக்கத்திலேயே எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. என் கணிப்பில், தாய் பொருளைக் குழந்தையின் முகத்துக்கு முன்னால் நீட்டி, இழுத்துப் பிடித்து வைத்திருந்த ‘பகிர்வு’ பயிற்சியால் தளர்ந்ததும் அந்த நேரத்தின் ஒரு பகுதி குறைந்திருக்கலாம். இது ஊகமே, இவ்வளவு சிறிய ஆய்விலிருந்து அதை உறுதிப்படுத்த முடியாது.

இந்த மாற்றங்கள் காலப்போக்கில் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்துக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஓரளவு விடை தருகிறது. முதல் ஆய்வில் இருந்த 152 பேரில் 121 பேரை ஆறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளிக்குப் பிறகு மீண்டும் பார்த்தபோது, கடுமையான அறிகுறிகள் உள்ளவர்கள் பயிற்சிக் குழுவில் 46 விழுக்காடு, மற்றக் குழுவில் 63 விழுக்காடு. ஆனால் குழந்தைகளின் பதற்றம் போன்ற மனநலச் சிக்கல்களில் வேறுபாடு காணப்படவில்லை. பிறகு வீட்டையும் பள்ளியையும் சேர்த்து 249 குழந்தைகளிடம் நடந்த அடுத்த ஆய்வில், ஆட்டிச அறிகுறிகள் என்ற முதன்மை அளவீட்டில் பலன் தெரியவில்லை. இதன் முடிவுகள் 2022இல் வெளிவந்தன. ‘ஆட்டிசத்தைக் குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்து குடும்பங்களின் நகையை அடகுக் கடைக்கு அனுப்புபவர்கள் இந்த வரியை ஒருபோதும் மேற்கோள் காட்டமாட்டார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: பெற்றோரின் நலத்திலும், வீட்டிலும் பள்ளியிலும் குழந்தையின் கட்டுக்கடங்காத நடத்தைகளிலும் முன்னேற்றம் இருந்தது. இரண்டாம் நிலை அளவீடுகளின் வரிசையில் அது இடம்பெற்றிருக்கிறது. ஒரு வீட்டின் கண்ணோட்டத்தில் அதுதான் முதலில் எழுதப்பட வேண்டிய செய்தி.

தாய் என்ற மனுஷி

பாஸ் ஆய்வு நடந்த ராவல்பிண்டி மாவட்டத்திலேயே, அதே அதிஃப் ரஹ்மான் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலையைச் செய்திருந்தார். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 903 கிராமப்புறத் தாய்மார்களை எடுத்துக்கொண்டு, பாகிஸ்தானின் ‘லேடி ஹெல்த் ஒர்க்கர்’ எனப்படும் கிராம சுகாதாரப் பணிப்பெண்களைக் கொண்டே உளவியல் சிகிச்சை அளித்தார். பணிப்பெண்கள் வீட்டுக்கு வந்து, கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து குழந்தைக்குப் பத்து மாதமாகும் வரை தாயோடு பேசினார்கள். அவள் தன்னைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் எண்ணும் விதத்தைச் சிறிது சிறிதாக மாற்ற உதவினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது சிகிச்சைக் குழுவில் 23 விழுக்காட்டினரும் மற்றக் குழுவில் 53 விழுக்காட்டினரும் கடும் மனச்சோர்வில் இருந்தார்கள். முடிவுகள் 2008இல் ‘லான்செட்’ இதழில் வந்தன.

ஒரே மாவட்டத்தில், தாயின் மனத்தைத் தேற்றும் கலையும் ஆட்டிசம் உள்ள குழந்தையோடு பழகும் கலையும் தனித்தனியே நிறுவப்பட்டிருக்கின்றன. இரண்டையும் செய்தவர்கள் எளிய பணியாளர்கள். இரண்டும் நடந்தது வீட்டில். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாய்க்கு இவற்றில் ஒன்று மட்டும் போதும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இரண்டும் ஒரே கதவைத் தட்டி, ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டியவை.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டைக்கன்ஸ் குழு நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தேவையின் அளவைக் காட்டுகிறது. குறைபாடு உள்ள குழந்தைகளின் தாய்மார்கள் 243 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் 65 விழுக்காட்டினரின் பிள்ளைகளுக்கு ஆட்டிசம். சேரும்போதே 85 விழுக்காட்டினரிடம் மன அழுத்தம் மிகக் கூடுதலாக இருந்தது. 48 விழுக்காட்டினருக்கு மருத்துவ அளவிலான மனச்சோர்வு. 41 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறு. அந்தப் பயிற்சியில் குழந்தையை எப்படி நடத்துவது என்பதே இல்லை. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம். ஒரு குழுவினர் மூச்சிலும் உடலிலும் கவனம் வைக்கும் தியானப் பயிற்சியைக் கற்றார்கள். மற்றொரு குழுவினர் குற்ற உணர்ச்சி, கவலை, நன்றியுணர்வு ஆகியவற்றைக் கையாளக் கற்றார்கள். நடத்தியவர்கள், தாங்களும் அத்தகைய குழந்தைகளை வளர்த்து, பிறகு பயிற்சி பெற்ற தாய்மார்கள். இரண்டு வழியிலும் அழுத்தமும் சோர்வும் பதற்றமும் குறைந்தன. தியானக் குழுவில் மனச்சோர்வு, பதற்றம், தூக்கம் ஆகியவற்றில் பலன் கூடுதலாக இருந்தது.

குழந்தையிடம் எதுவும் மாறாமலேயே தாய் தேறினாள் என்பதை நம் ஊரில் சிலர் தன்னலம் என்று படிக்கக்கூடும். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். மேலே சொன்ன மூடி விளையாட்டில் தாய் செய்ய வேண்டிய மிகக் கடினமான காரியம் காத்திருப்பது. இரவில் மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் ஓடும் பிள்ளையின் பின்னால் விடியும் வரை உட்கார்ந்திருந்தவளால், காலையில் பத்து நொடி பேசாமல் காத்திருக்க முடியாது. அவளுக்குள் எல்லாமே அவசரமாக இருக்கும். தூக்கமும் மனத்தெளிவும் அவளுக்குத் தரப்படும் சலுகைகள் என்று எண்ணக் கூடாது. பயிற்சி வேலை செய்வதற்கான மூலப்பொருளே அவைதான். வீட்டுப் பயிற்சி என்ற பெயரில் ஏற்கெனவே சமையல், துவைப்பு, மாமனாரின் மருந்து, மூத்த பிள்ளையின் டியூஷன் என்று நிறைந்திருக்கும் அவளுடைய நாளில் இன்னொரு கடமையை ஏற்றிவிட்டு, செய்யவில்லையென்றால் அவளையே குறைசொல்லும் மையங்கள் பெட்டல்ஹைமின் பழியைப் புதுத் துணியில் சுற்றி அவள் கையில் திருப்பிக் கொடுக்கின்றன.

தந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சிகளில் பெரும்பாலும் தாய்தான் உட்காருகிறாள் என்பதால் தந்தைக்குக் கவலை இல்லை என்று ஆகிவிடாது. பலர் தெரபிச் செலவுக்காகக் கூடுதல் நேர வேலையில் தங்களைப் புதைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையோடு என்ன செய்வது என்று தெரியாத வெட்கமும் அதற்குள் இருக்கிறது. வீடியோ பார்க்கும் முறை தந்தையருக்கு நன்றாகவே பொருந்தக்கூடியது. ஓர் ஞாயிற்றுக்கிழமை அமர்வு வைத்தாலே பாதித் தடை நீங்கிவிடும்.

சேர்த்துச் செய்யும் முயற்சிகள்

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பராமரிப்பாளர் திறன் பயிற்சி குழந்தைக்கான பயிற்சி, தாயின் நலம் என்ற இந்த இரு இழைகளையும் ஓரளவு சேர்த்து முறுக்குகிறது. இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள, வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கானது அது. ஒன்பது குழு அமர்வுகள், மூன்று முறை வீட்டுக்கு வருகை. விளையாட்டிலும் வீட்டு வேலைகளிலும் குழந்தையை ஈடுபடுத்துவது, தொடர்புகொள்ள உதவுவது, அடம், அலறல், அடித்தல் போன்றவற்றின் காரணத்தைக் கண்டறிந்து முன்கூட்டியே தவிர்ப்பது, பல் துலக்குவது போன்ற வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பது ஆகியவற்றோடு, பராமரிப்பவர் தன்னைக் கவனித்துக்கொள்வதும் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டிசம் என்ற சான்றிதழ் கையில் இருந்தால்தான் சேரலாம் என்ற நிபந்தனை இல்லை. நோயறிதலுக்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். 2022இல் இதன் இணைய வழி வடிவமும் வந்தது.

ராவல்பிண்டி மாவட்டத்தின் குஜர் கான் வட்டத்தில் இந்தப் பாடத்திட்டத்தைக் கொண்டு இன்னொரு முயற்சி நடந்தது. அங்கே பயிற்சி நடத்திய தன்னார்வலர்களே அத்தகைய குழந்தைகளின் பெற்றோரும் உறவினரும். டேப்லெட்டில் உள்ள கதைப்பாத்திரங்களின் உதவியோடு அவர்கள் தங்கள் ஊர்க் குடும்பங்களைக் குழுவாகக் கூட்டினார்கள். நாஷ்விலில் தாய் தாய்க்குச் சொன்னதும், இங்கே உறவினர் உறவினருக்குச் சொன்னதும் ஒரே உண்மையைத்தான் தொடுகின்றன. ‘எனக்குப் புரியுது’ என்று ஒரு தெரபிஸ்ட் சொல்வதற்கும், கல்யாண மண்டபத்திலிருந்து பாதியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த இன்னொரு அம்மா சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

தில்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பை 1991இல் தொடங்கிய மேரி பருவாவும் ஆட்டிசம் உள்ள மகனின் தாய்தான். அங்கே தாயோ தந்தையோ குழந்தையோடு சேர்ந்தே வந்து, மூன்று மாதம் தொடர்ந்து தங்கிக் கற்கும் பயிற்சி நெடுங்காலமாக நடந்துவருகிறது. வேலையையும் ஊரையும் மூன்று மாதம் விட்டுவர முடிந்த குடும்பங்களுக்கு அது பெரும் வரம். முடியாதவர்களுக்குத்தான் கோவா வழி.

இங்கே எதைக் கொண்டுவருவது

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலேயே ஆட்டிசம் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அந்த 2016 சட்டம் ‘பராமரிப்பாளர்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிக்கும் பெற்றோரும் குடும்பத்தினரும் அடங்குவர். தீவிர உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றியும் அதே சட்டம் பேசுகிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தாய் ஒரு தனி ஆளாகத் தெரிகிறாள். நம் பயிற்சித் திட்டங்களின் கண்ணுக்குத்தான் அவள் பிள்ளையின் பின்னிணைப்பாகத் தெரிகிறாள்.

தமிழ்நாட்டில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள், அதாவது வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மையங்கள், மாவட்ட அளவில் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கிராமம்தோறும் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இருக்கிறார்கள். கோவா நிகழ்விலிருந்து இங்கே எடுத்துவர வேண்டிய முதல் பாடம், ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைவிட மேற்பார்வை கடினம் என்பதே. பாஸ் பணியாளர்கள் ஒரு வாரப் பட்டறையோடு வீடுகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அல்லர். அவர்களுடைய அமர்வுகள் தொடர்ந்து பார்க்கப்பட்டன, திருத்தப்பட்டன. அந்தக் கண்காணிப்புக்கு நிதி ஒதுக்காமல் பாடப் புத்தகத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், ஆறு மாதத்தில் அது ‘அம்மாவுக்கு அறிவுரை சொல்லும் நிகழ்ச்சி’யாகச் சுருங்கிவிடும். ஏற்கெனவே பதிவேடுகளால் நிறைந்திருக்கும் அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் இதையும் ஏற்றுவதைவிட, மாவட்ட மையத்தோடு இணைந்த, ஊதியம் பெறும் தனிப் பணியிடங்களை உருவாக்குவதே சரி. அந்தப் பணியிடங்களில் ஒரு பகுதியை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களுக்கே ஒதுக்கினால், அவர்களின் பட்டறிவுக்கு ஊதியமும் கிடைக்கும். புதிதாக வரும் குடும்பத்துக்கு நம்பிக்கையும் கிடைக்கும்.

இரண்டாவது, முதல் அமர்வு பிள்ளையைப் பற்றியதாக இருக்கக் கூடாது. தாயின் தூக்கம், சாப்பாடு, பதற்றம், வீட்டில் அவளுக்கு உதவி செய்பவர் யார், அவளைப் பழிசொல்பவர் யார், சாக வேண்டும் போல எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே வீடியோ கருவியை வெளியே எடுக்க வேண்டும். மனச்சோர்வு கடுமையாக இருந்தால், ராவல்பிண்டித் தாய்மார்களுக்குத் தந்ததைப் போன்ற உதவியோ மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரோ முதலில் வர வேண்டும். அதுவரை குழந்தையோடு பயிற்சியைத் தந்தையோ அத்தையோ தொடங்கலாம்.

மூன்றாவது, எந்தப் பயிற்சியும் தீர்த்துவைக்க முடியாத ஒரு கவலைக்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே தாய் கேட்கத் தொடங்கும் அந்தக் கேள்வி, ‘எங்களுக்கு அப்புறம் இவன யார் பாத்துக்குவா?’ என்பது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்ச ரூபாய் வரை செலவை ஏற்கிறது என்பதும், பிள்ளைக்குப் பதினெட்டு வயதான பிறகு மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கக் கேட்கலாம் என்பதும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எங்கே, எந்தச் சான்றுகளோடு பெறுவது என்பதும் பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலேயே போகின்றன. 12 அமர்வுகளில் ஒன்றை இதற்கே கொடுத்து, விண்ணப்பத்தை அந்த அமர்விலேயே நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணியாளர் கிளம்ப வேண்டும்.

நான்காவது, அளப்பதைப் பற்றியது. இனி இங்கே நடக்கும் எந்த முன்னோடித் திட்டமும் குழந்தையின் சொற்களை எண்ணுவதோடு தாயின் மனச்சோர்வு மதிப்பெண்ணையும் முதன்மை அளவீடாக வைக்க வேண்டும்; பயிற்சி முடிந்த நாளிலும், ஓர் ஆண்டு கழித்தும் அதைப் பதிய வேண்டும். பாதியில் நின்றுவிட்ட குடும்பங்களைத் தேடிப்போய்க் காரணம் கேட்க வேண்டும். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் முடிக்காமல் போன ஆறு குடும்பங்களைப் போன்றவர்களிடம்தான், நாம் எதைச் சுமத்தினோம் என்பதற்கான விடை இருக்கும்.